அம்மா குளிப்பாட்டிய பிள்ளைகள்

மருந்துக்கடையில் கார்பாலிக் சோப்பின் நெடி மூக்கில் ஏறியதும், ராயபுரத்தில் எங்கள் தெருக்குழாயடிக்கே போய்விட்டேன். அப்போது நான் இரண்டாம் வகுப்பு.

துறைமுகத்தை ஒட்டிய நடைபாதையில் படுத்துறங்கும் அநாதைப் பிள்ளைகளை ஞாயிறுதோறும் அம்மா அழைத்து வந்து, அந்தச் சோப்பைத் தேய்த்துக் குளிப்பாட்டுவாள். பிறகு கூழ் ஊற்றி, கரித்துண்டால் தரையில் 'அ' எழுத வைப்பாள். "கலீஜ் பசங்களைச் சேர்க்கிறியே" என்று அக்கம்பக்கத்தார் முணுமுணுப்பதை அவள் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள்.

ஒரு ஞாயிறு, தெருப்பிள்ளைகளை லாரியில் ஏற்றிப்போக வந்த போலீஸ்காரர் குழாயடியில் நின்றார். நுரையோடு இருந்த நாலு பையன்களும் அம்மாவின் புடவைக்குப் பின்னால் ஒளிந்தார்கள்.

"இதுங்க யாரு வூட்டுப் புள்ளைங்க?"

"என் வூட்டுதுங்க."

"நாலுமா?"

"ஆமா. சோப்பு கண்ணுல எரிஞ்சிகினு கீது. தண்ணி ஊத்தணும், வழி வுடு நைனா."

அவர் என் பக்கம் திரும்பினார். "பாப்பா, இவனுங்க உனக்கு இன்னா வேணும்?"

பயத்தோடு அம்மாவைப் பார்த்தேன். "அண்ணனுங்க" என்றேன். அவர் சிரித்துவிட்டு லாரிக்குத் திரும்பினார். அம்மா என் தலையை ஈரக்கையால் ஒருமுறை தடவினாள்.

நான் வீட்டுக்கு ஒரே பிள்ளை. இன்றும் யாராவது கூடப்பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால், தயங்காமல் நாலு அண்ணன்கள் என்கிறேன்.