மணலித் தண்ணீரில் வேகாத பருப்பு

மணலி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் உயரமான குழாயின் உச்சியில் எரிகிறதே ஒரு தீ, அது அணைந்தால் எண்ணூரிலிருந்து ராயபுரம் வரை எல்லாம் ஒரே சத்தத்தில் பறந்துவிடும் என்று பதினோரு வயதில் நான் நம்பிக்கொண்டிருந்தேன். ஏனோதானோவென்று இல்லை, மிகுந்த பொறுப்புணர்ச்சியோடு நம்பினேன். காலையில் எழுந்ததும் மொட்டைமாடிக்குப் போய், தூரத்தில் தீக்குச்சி அளவுக்குத் தெரியும் அந்தத் தீ இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கீழே வந்து பல் தேய்ப்பேன். ஒரு நாள் பனிமூட்டத்தில் தீ கண்ணில் படவில்லை. அன்றைக்குப் பல் தேய்க்கவில்லை. சாகப்போகிறவனுக்குப் பல் எதற்கு என்று விட்டுவிட்டேன்.

இந்த அறிவை எனக்கு வழங்கியவர், அப்பாவின் மளிகைக் கடைக்கு மூட்டை கொண்டுவரும் மூன்று சக்கர மீன்பாடி வண்டிக்காரர்.

"அது இன்னா வெளக்குன்னு நென்ச்சிகினியா நைனா? உள்ள கீற கேஸு அத்தினியும் அது வயியாத்தான் எரிஞ்சிகினு கீது. அது அணைஞ்சிச்சின்னு வெச்சிக்கோ, கேஸு எங்க போவும்? டமால்! உங்கப்பா கட, எங்க வூடு, அல்லாம் காலி."

சொல்லிவிட்டு நிதானமாக ஒரு பீடியைப் பற்றவைத்துக்கொண்டார். இவ்வளவு தெரிந்தவர் எப்படிப் பயப்படாமல் இருக்கிறார் என்று எனக்கு அவர்மேல் மரியாதை கூடிவிட்டது.

இப்போது என் பிள்ளைகள் இருவரும் பள்ளிக்குப் போகிற வயது. நானும் மனைவியும் ஞாயிறுதோறும் மீஞ்சூர்ப் பக்கம் வீடு பார்த்து அலைகிறோம். பள்ளி எத்தனை தூரம், வண்டி வருமா, தெருவில் தண்ணீர் தேங்குமா என்று அவள் ஒழுங்கான கேள்விகளாகக் கேட்கிறாள். நான் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். "என்ன பாக்கறீங்க?" என்றால், "சும்மா, காத்து எந்தப் பக்கம் வருதுன்னு" என்று சமாளிக்கிறேன். அந்த வருஷத்துப் பயம் உடம்பைவிட்டு இன்னும் முழுசாக இறங்கவில்லை.

அந்த வருஷம்தான் ராயபுரத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டை இடித்துக் கட்டப்போவதாக வீட்டுக்காரர் சொன்னார். கோடை விடுமுறைக்குள் காலி செய்ய வேண்டும். நான் ஐந்தாவது முடித்திருந்தேன். அக்கா பத்தாவது பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்தாள்.

செய்தி போய்ச் சேர்ந்த மறுநாளே பெரியப்பா வந்துவிட்டார். அப்பாவின் அண்ணன். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து அப்பாவைக் கையைப் பிடித்து மெட்ராஸுக்கு அழைத்துவந்து, தன் கடையில் நிற்கவைத்துத் தொழில் பழக்கி, பிறகு தனிக்கடை போட்டுக் கொடுத்தவர். அவர் மணலி புதுநகரில் வீடு கட்டி, மேலே மாடியும் எழுப்பியிருந்தார்.

"மாடி ஒங்களுக்குத்தாம்ல. வேற எங்கயும் நீ பாக்கக் கூடாது" என்றார். அப்புறம் எங்கள் படிப்பையும் அவரே முடிவு செய்தார். "பக்கத்துப் பள்ளிக்கூடத்துல பத்து வரைக்கும் இருக்கு. பய அங்கனயே படிச்சுக்கிடுவான். புள்ளதான் பத்து முடிச்சிட்டாளே, பொறவு என்ன? டிரெய்லர் லாரி ஓடுற ரோட்டுல வயசுப் புள்ளய தினமும் பஸ்ல அனுப்பிட்டு, வீட்டுல ஒக்காந்து பதறணுமா?"

அப்பா தலையாட்டினார். அண்ணன் பேசினால் அப்பாவின் தலை தானாகவே ஆடும். "முடியாது" என்ற சொல்லை அண்ணனிடம் சொல்லும் வழக்கமே எங்கள் வீட்டில் இல்லை. அப்பா அதை மனசுக்குள் சொல்லிப் பார்த்திருப்பாரா என்பதுகூடச் சந்தேகம்தான்.

அக்காவுக்குக் கணக்கு என்றால் உயிர். பிளஸ் ஒன்னில் கணக்குப் பிரிவு எடுப்பதென்று போன வருஷமே முடிவு செய்து, யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் சொல்லிக்கொண்டிருந்தவள். பெரியப்பா போனதும் சமையலறைக்குள் போய் அம்மாவிடம் ஏதோ சொன்னாள். அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். வெளியே வந்த அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அங்க போனா என் படிப்பு அவ்வளவுதான்டா."

"அங்க போனா நம்ம எல்லார் உசிருமே அவ்வளவுதான்" என்றேன்.

என்னை நிமிர்ந்து பார்த்தாள். தம்பிக்கு இவ்வளவு புரிகிறதே என்று ஒரு வினாடி அவள் கண் கலங்கியதுகூட எனக்கு நினைவிருக்கிறது. நான் உடனே தீ, கேஸ், டமால் எல்லாவற்றையும் விளக்கினேன். "கேஸ் ஒன் மண்டைக்குள்ளதான்டா இருக்கு, லூசு" என்று எழுந்து போய்விட்டாள். இவ்வளவு பெரிய ஆபத்தை வைத்துக்கொண்டு கணக்குப் பாடத்துக்காக அழுகிறாளே என்று அவளைப் பற்றி நான் வருத்தப்பட்டேன்.

எங்கள் ஊர்ப்பக்கத்துப் பெண்களுக்கு வீடு மாறுவதில் ஓர் உரிமை உண்டு. அந்த வீட்டுத் தண்ணீரில் துவரம்பருப்பை வேகவைத்துப் பார்ப்பார்கள். பருப்பு பூவாய் மலர்ந்தால் குடிபோகலாம். மலராவிட்டால் மாளிகையே ஆனாலும் வேண்டாம் என்றுவிடுவார்கள். ஆண்கள் இதில் வாய் திறக்கக் கூடாது. வீட்டைக் குறை சொன்னால் வீட்டுக்காரனுக்குக் கோபம் வரும், தண்ணீரைக் குறை சொன்னால் யாருக்கும் வராது.

"அத்தான் வீடுன்னாலும் ஒரு தரம் பருப்பு போட்டுப் பாத்துருதேன்" என்றாள் அம்மா. பெரியப்பாவை அவள் அத்தான் என்றுதான் சொல்வாள். அப்பா அதற்கும் தலையாட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா பருப்பு கட்டக் கடையைத் திறந்தார். நானும் போயிருந்தேன். முன்வரிசையில் புது மூட்டை வாய் பிரித்து இருந்தது. அப்பா அதைத் தாண்டிப் போய், மூலையில் இருந்த மூட்டைக்குள் கையை விட்டார். எனக்குத் திக்கென்றது. அது எப்போதோ வந்த பழைய சரக்கு. எத்தனை நேரம் கொதித்தாலும் கல்லாகவே கிடக்கிறது என்று ஒரு அம்மா திருப்பிக் கொண்டுவந்து கொட்டியதிலிருந்து, அதை யாருக்கும் போடக் கூடாது என்று அப்பாவே ஒதுக்கிவைத்தது. அதிலிருந்து ஒரு கை அள்ளிக் காகிதத்தில் பொட்டலம் மடித்தார்.

"அப்பா, அது..."

"என்னல?"

"ஒண்ணுமில்லப்பா."

கண்ணாடியை மறந்து வந்துவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். கண்ணாடி அவர் மூக்கின் மேல்தான் இருந்தது.

மணலி புதுநகரில் பஸ்ஸைவிட்டு இறங்கியதும் வானத்தைப் பார்த்தேன். தீக்குச்சி அங்கே தீப்பந்தமாகியிருந்தது. காற்றுக்கு ஒருபக்கமாகச் சாய்ந்தது, சுருங்கியது, மறுபடி எழுந்தது. ஒவ்வொரு தடவை அது சுருங்கும்போதும் நானும் சுருங்கினேன். பெரியப்பா வீட்டு மாடியை எல்லோரும் சுற்றிப் பார்த்தார்கள். நான் ஜன்னலோரத்தில் காவல் நின்றேன். திருவொற்றியூர் வடிவுடையம்மனிடம் ஒரு வேண்டுதலும் வைத்தேன்: இந்த வீடு மட்டும் அமையாமல் போகட்டும், உனக்கு முடி இறக்குகிறேன்.

அம்மா பெரியம்மாவின் சமையலறையில் இறங்கினாள். பெரியம்மா குக்கரை எடுத்து நீட்டினாள்.

"குக்கர்ல போட்டா கல்லுகூட வெந்துரும்க்கா. தண்ணியோட கொணம் தெறந்த சட்டியிலதான் தெரியும்" என்றாள் அம்மா.

"நான் தெனமும் இதே தண்ணியிலதான ஆக்குதேன்? வேகத்தான செய்யுது?"

"அது ஒங்க கைராசிக்கா" என்று அம்மா அடுப்பை மூட்டினாள்.

"பொண்ணு பாக்க வந்தவுக மாதிரில்ல தண்ணிய நின்னு பாக்குதா" என்று பெரியப்பா சிரித்தார். நாங்கள் காப்பி குடித்தோம். முறுக்கு வந்தது. பெரியப்பா ஊர்க் கதை ஒன்றை ஆரம்பித்து முடித்தார். இன்னொன்றை ஆரம்பித்தார். சட்டி கொதித்துக்கொண்டே இருந்தது. அக்கா அடுப்பைவிட்டு நகரவில்லை. கடைசியில் கரண்டியில் நாலு பருப்பை எடுத்துவந்து விரலால் நசுக்கிக் காட்டினாள். ஒன்று நழுவிப் பறந்து சுவரில் டொக்கென்று பட்டது.

"வேகல பெரியப்பா."

பெரியப்பா சிரிப்பை நிறுத்திவிட்டு அப்பாவைப் பார்த்தார்.

"ஏல, பருப்பு புதுசுதான?"

சரக்கைப் பற்றி அப்பா ஒரு பொய் சொன்னதாக ராயபுரத்தில் ஒருவரும் சொல்ல முடியாது. எடை போடும்போது தும்மல் வந்தால்கூடத் தட்டை இறக்கி வைத்துவிட்டுத் தும்முகிறவர்.

"புதுசுதாண்ணே. இந்த வாரம் எறங்குன மூட்டை."

ஐயோ, அப்பா மூட்டையைக் குழப்பிக்கொண்டுவிட்டார். நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். வாயைத் திறந்தேன். அப்போது ஜன்னலுக்கு வெளியே அந்தத் தீ சாய்ந்து, காணாமல் போகிற அளவுக்குச் சுருங்கியது. வாயை மூடிக்கொண்டேன். அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்குப் போனதும் அடி நிச்சயம் என்று முடிவு செய்தேன். ஆனால் அவர் தன் தட்டிலிருந்த முறுக்கை எடுத்து என் கையில் வைத்தார். எதற்கு என்று புரியவில்லை. முறுக்குக்குக் காரணம் கேட்கிற வயசும் இல்லை, தின்றுவிட்டேன்.

பெரியப்பா அக்காவின் கரண்டியிலிருந்து ஒரு பருப்பை எடுத்தார். முன்பல்லில் வைத்துக் கடித்தார். எத்தனையோ வருஷமாகப் பருப்பும் பயறும் கடித்துப் பார்த்தே மூட்டை வாங்கியவர். மெதுவாக மென்றார். அப்பா தரையைப் பார்த்தார். அம்மா சமையலறை வாசலில் கரித்துணியைப் பிசைந்துகொண்டு நின்றாள். பெரியம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தபோது, பெரியப்பா கையைக் காட்டி நிறுத்தினார்.

அவர் அக்காவைப் பார்த்தார். அவள் கரண்டியை நீட்டியபடியே நின்றாள்.

"ஆமா" என்றார். "தண்ணி சரியில்ல."

பிறகு அவரே கேட்டார்: "வேற எங்கன பாக்கதா உத்தேசம்?"

"திருவொற்றியூர்ல, ஸ்டேஷனுக்குப் பக்கத்துல ஒண்ணு இருக்குன்னாவ, அத்தான்" என்றாள் அம்மா.

"அங்கன பொம்பளப் புள்ளைக பள்ளிக்கூடம் பன்னெண்டு வரைக்கும் உண்டுல்லா" என்றார் பெரியப்பா. யாரைப் பார்த்தும் சொல்லவில்லை. எழுந்து கொடியில் கிடந்த துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, சாப்பாட்டுக்கு இலை வாங்கிவரக் கிளம்பிவிட்டார்.

அம்மனின் சக்தியை நினைத்து எனக்குப் புல்லரித்தது. ஊர் முழுவதையும் காப்பாற்றிய களைப்போடு அன்றைக்கு மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன். சாம்பாரில் பருப்பு நன்றாகவே வெந்திருந்தது. அதே வீட்டுத் தண்ணீர், பெரியம்மாவின் பருப்பு. பந்தியில் ஒருவரும் அதைப் பற்றி மூச்சுவிடவில்லை. நானும் அது பெரியம்மாவின் கைராசி என்றே நினைத்தேன்.

திருவொற்றியூர் வீட்டைப் பார்க்கப் போனபோது அம்மா பருப்பு கொண்டுவரவில்லை. அடிபம்பில் ஒரு கை தண்ணீர் பிடித்து வாயில் விட்டாள். விழுங்கக் கொஞ்சம் நேரம் எடுத்தாள். "நல்லாத்தான் இருக்கு" என்றாள். பிறகு அறைகளைக்கூடச் சரியாகப் பார்க்காமல், அக்காவை அழைத்துக்கொண்டு தெருவில் இறங்கிப் பள்ளிவரை நடந்துவிட்டு வந்தாள். அப்பா அங்கேயே முன்பணம் கொடுத்துவிட்டார்.

சாமான்களை மீன்பாடி வண்டிக்காரர்தான் ஏற்றிவந்தார். அதற்குள் நான் வேண்டுதலை முடித்திருந்தேன்.

"இன்னா நைனா, மண்ட பளபளன்னு கீது? இன்னா வேண்டுதலு?"

காரணத்தைச் சொன்னேன். வண்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"அட அதுவா! ஒன்ன பேஜாரு பண்லாம்னு சொம்மா வுட்டேன்பா. அது பாட்டுக்கு எரியும், அது பாட்டுக்கு அணையும். ஒண்ணியும் ஆவாது. இதுக்குப் போயி முடிய குட்த்துட்டியே!"

புதுப் பள்ளியில் என் பெயரைத் தெரிந்துகொள்ள யாருக்கும் அவசியம் ஏற்படவில்லை. முடி வளரும்வரை 'மொட்டை' என்றே கூப்பிட்டார்கள், வளர்ந்த பிறகும் அதையே தொடர்ந்தார்கள்.

அந்த வீட்டு அடிபம்புத் தண்ணீர் உப்புக் கரித்தது. நாங்கள் அங்கே குடியிருந்த காலம் முழுக்க அதில் ஒரு நாளும் பருப்பு வேகவில்லை. சமையலுக்கும் குடிக்கவும் தெருமுனைக்கு வரும் லாரியில் பிடித்து, அம்மாவும் அப்பாவும் நானும் குடம் குடமாகச் சுமந்தோம். அக்கா பன்னிரண்டாவது முடிக்கும்வரை பள்ளிக்கு நடந்தே போய்வந்தாள்.