நீராவியும் ஒரு தோள்பையும்

ஒரகடத்தில் ஒரு கார் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் சூப்பர்வைசரைத் தவிர என்னிடம் யாரும் பேசியதில்லை. திருநெல்வேலியில் வேதியியல் படித்துவிட்டு இங்கே லைனில் திருகு முடுக்கிக்கொண்டிருந்தேன். எம்.எஸ்சி. நுழைவுத்தேர்வுப் புத்தகம்தான் துணை.

அதில் ஒரு பாடம் மட்டும் மனதில் ஏறவே இல்லை. நீராவியில் மூலக்கூறு தனியாக அலையும்போது, ஆக்சிஜன் தன் ஹைட்ரஜனை நெருக்கிப் பிடித்திருக்கிறது. பனிக்கட்டியிலோ பக்கத்து மூலக்கூறும் அந்த ஹைட்ரஜனை இழுப்பதால் பிணைப்பு இம்மியளவு நீள்கிறது. நெருக்கி அடுக்கினால் குறுகத்தானே வேண்டும்?

ஒருநாள் காலை குன்றத்தூரில் பஸ் ஏறி, நெரிசலில் தோள்பையை மார்போடு அணைத்து நின்றேன். சீட்டில் இருந்த ஓர் அக்கா பையை இழுத்தார். ஊரில் நானே எத்தனையோ பேர் பையை மடியில் வாங்கி வைத்தவன். ஆனாலும் மெட்ராஸ் பக்கம் யாரையும் நம்பாதே என்று சொல்லி அனுப்பியிருந்தார்களே! விடாமல் திருப்பி இழுத்தேன்.

"இன்னாப்பா, புடுங்கிகினு ஓடவா போறேன்?"

"வேண்டாங்க்கா, நானே வச்சுக்கிடுதேன்."

"பட்டைய நீயே புடிச்சிக்கோ. பை என் மடியில இருக்கட்டும்."

பை அவர் மடிக்குப் போனது. பட்டையை விடாத என் கையும் கூடவே நீண்டது. பிடி விட்டுப்போகவில்லை, இறுக்கம்தான் கொஞ்சம் தளர்ந்தது. பாடம் அங்கேயே புரிந்துவிட்டது.

மறுநாளும் அதே பஸ். அந்த அக்கா இல்லை. பையை அணைக்காமல், பட்டையின் நீளத்துக்குத் தொங்கவிட்டபடி, யாராவது இழுக்க மாட்டார்களா என்று நின்றிருந்தேன்.