துரை வீட்டுப் பால் போத்தல்

புளித்த பாலின் வாடை பட்டால் இன்றைக்கும் எனக்குக் குடலைப் பிரட்டும். மோர்கூடத் தொடமாட்டேன். வீட்டில் எல்லோரும் கேலி செய்கிறார்கள், செய்யட்டும். அந்தப் பால் போத்தலின் ரப்பர்க் குழாயைப் பிதுக்கிப் பார்த்தவள் நான்தானே!

அப்போது டத்தோ கிராமாட் என்ற வட்டாரத்தில் குடியிருந்தோம். கணவர் கப்பல் வேலைக்குப் போய்விடுவார். நான் துறைமுகத்துப் பக்கம் ஒரு பாக்குக் கிடங்கில் சொத்தைப் பாக்கைப் பொறுக்கிப் போடும் வேலை பார்த்தேன். நடுப்பகலில் வந்து பால் கொடுத்துவிட்டுப் போகிற தூரமில்லை. அதனால் கைக்குழந்தையாக இருந்த என் மகனை, எங்கள் வரிசைக் கோடியில் அத்தாப்பு ஓலைக் கூரை வீட்டில் இருந்த ஆயாவிடம் விட்டுவிட்டுப் போவேன். கிடங்கில் என் பக்கத்தில் உட்காருகிறவளும் தன் இரட்டைக் குழந்தைகளை, ஒரு பெண்ணும் ஒரு பையனுமாக, அங்கேதான் விடுவாள்.

அந்த ஆயா முன்பு ஒரு துரை வீட்டில் பிள்ளை வளர்த்தவள். அந்தப் பெருமை அவள் நடையிலேயே தெரியும். சாயங்காலம் நாங்கள் போகும்போது குழந்தைகள் பவுடரும் மைப்பொட்டுமாகப் பளிச்சென்று இருக்கும். அந்தப் பவுடருக்குக் கீழே என்ன இருக்கிறது என்று யார் தேய்த்துப் பார்த்தார்கள்?

என் மகனுக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. நின்றது, மறுபடியும் போனது. தொடைச் சதை தொங்கி, முகம் கிழவன் முகமாகிவிட்டது. "பல்லு மொளைக்குது லா, அதான்" என்றாள் ஆயா. அக்கம்பக்கத்தார் கண்பட்டிருக்கிறது என்றார்கள். நானும் சுற்றிப் போட்டேன். பிள்ளை கைநழுவிப் போய்விடுமோ என்ற பயத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒருநாள் சரக்கு குறைவாக வந்ததால் என்னையும் வேறு சிலரையும் மத்தியானமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நேராக ஆயா வீட்டுக்குப் போனேன். பாயில் மூன்று குழந்தைகளும் வரிசையாகக் கிடந்தன. பக்கத்தில் ஒரு கண்ணாடிப் போத்தல், அதிலிருந்து நீளமாக ஒரு ரப்பர்க் குழாய். குழாயின் நுனி இரட்டையரில் பெண் குழந்தையின் வாயில் இருந்தது. ஆயா அதைப் பிடுங்கி, தன் மூக்கைத் துடைத்த முந்தானையிலேயே ஒரு துடை துடைத்தாள். சாப்பாட்டு அலமாரியின் காலுக்கு அடியில் எறும்பு ஏறாமலிருக்கத் தண்ணீர் ஊற்றி வைத்த கிண்ணம் இருந்தது. செத்த எறும்பும் நெளிகிற கொசுப்புழுவும் மிதந்த அந்தத் தண்ணீரில் நுனியை முக்கி, ஓர் உதறு உதறி, என் மகன் வாயில் வைத்தாள்.

பாய்ந்துபோய்ப் பிடுங்கினேன். என்ன தோன்றியதோ, குழாயை அழுத்திப் பிதுக்கினேன். பச்சையும் மஞ்சளுமாகக் கெட்டியாக ஒன்று சீழ் போல வெளியே வந்தது. அந்த நாற்றத்தை எழுதக்கூட எனக்குக் கை கூசுகிறது. அவள் வாசலிலேயே வாந்தி எடுத்தேன்.

"என்னாக்கா இது?" என்றேன்.

"என்னா அப்படிப் பாக்குற? தொரை வூட்டுப் போத்தலு. இந்தப் பக்கம் எவ கிட்ட இருக்கு சொல்லு?"

"இதக் கழுவுறதே இல்லியா?"

"சுடுதண்ணி பட்டா ரப்பரு கெட்டுப் போயிரும்மா. அந்த வூட்டுக்கு டாக்டரு வந்து பாத்துட்டு, இதத் தூக்கிப் போடுங்கன்னு ஒரே சத்தம். தொரசானியும் குப்பையில போட்டுட்டாங்க. நல்லா இருக்குற சாமான யாராச்சும் போடுவாங்களா? நான்தான் பத்திரமா எடுத்துக்கிட்டு வந்தேன்."

இதைச் சொல்லும்போது அவள் முகத்தில் அப்படி ஒரு பெருமை. டாக்டர் ஏன் போடச் சொன்னார் என்று அவள் ஒரு கணம்கூட யோசித்ததில்லை. பால் புகட்டுவதற்கு நான் கொடுத்திருந்த பித்தளைப் பாலாடை எங்கே என்று கேட்டேன். வெற்றிலைத் தட்டைக் காட்டினாள். அதில் சுண்ணாம்பு குழைத்து வைத்திருந்தாள்.

சாயங்காலம் இரட்டையரின் தாயிடமும் எங்கள் வரிசைப் பெண்களிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். யாரும் நம்பவில்லை. "தொரை புள்ளையே அதுல குடிச்சு வளந்துச்சாம், ஒம் புள்ளைக்கு மட்டும் ஆவாதா?" என்று ஒருத்தி கேட்டாள். இரட்டையரின் தாய் இரண்டு இடுப்பிலும் இரண்டையும் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் மகனைக் கிடங்குக்கே தூக்கிப் போனேன். பின்பக்கத்து உத்தரத்தில் என் கணவர் உடுத்திய பழைய சாரத்தைத் தொட்டிலாகக் கட்டினேன். எங்களை மேய்க்கிற மண்டோர் குதித்தார். காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சிய பிறகு, "இது ஒண்ணுதான், சத்தம் கேட்டிச்சோ வெளிய போயிரணும்" என்றார். பாக்குத் தூசியும் சாக்கு நெடியுமான இடம்தான். ஆனால் அங்கே அவன் என் பால் குடித்தான். மெல்ல மெல்ல வயிறு நின்று, தொடையில் சதை பிடித்தது.

இரட்டையரில் அந்தப் பெண் குழந்தை இறந்துபோனது. கண் உள்ளே போய், உதடு வெடித்து, ஒரு வாழைப்பூ அளவுக்குச் சுருங்கிக் கிடந்தது. ஆயா வந்து மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். அது பொய் அழுகை இல்லை, நிஜமாகவே அழுதாள். எனக்கு அதுதான் இன்னும் அருவருப்பாக இருந்தது.

மிஞ்சிய பையனுக்காவது ஒரு தொட்டில் கட்ட இடம் கொடுங்கள் என்று மண்டோரிடம் போய்க் கேட்டேன். மூக்கைப் பிடித்துக்கொண்டார். "ஒரு பீத்துணி நாத்தமே தாங்க முடியல. சரக்குப் பாக்க மொதலாளி டவுக்கே வந்தா நீயா பதில் சொல்லுவ? போ, போ." அவர் சட்டை அன்றைக்கு வெள்ளைவெளேரென்று இருந்தது.

சில நாள் கழித்து, பிள்ளையைப் பறிகொடுத்தவள் வேலைக்கு வந்தாள். கையில் குழந்தை இல்லை.

"பையன எங்கம்மா விட்ட?" என்றேன்.

"ஆயா கிட்டதான்."

நான் வாய் திறப்பதற்குள் அவளே கேட்டாள்: "வேற எங்கக்கா விடுறது? நீங்க சொல்லுங்க."

என் மகன் தொட்டிலில் சிணுங்கினான். அவளுடைய ரவிக்கை பால் கட்டி நனைந்திருந்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டு பாக்குப் பொறுக்க ஆரம்பித்தாள்.