அக்காவின் போர்வையில் இல்லாத சதுரம்

அக்காவின் அடக்க ஆராதனைக்கு வந்திருந்த நீங்கள் எல்லோரும் பெட்டியின் மேல் போர்த்தியிருந்த துண்டுத்துணிப் போர்வையைப் பார்த்தீர்கள். அதில் ஓர் இடத்தில் ஒரு சதுரம் இல்லாமல், ஓட்டை வழியாகப் பெட்டியின் பலகை தெரிந்ததையும் பார்த்தீர்கள். சிலர் என்னிடம் நேரே காரணம் கேட்டீர்கள். சிலர் கேட்காமல் வெளியே போய்க் கதைத்தீர்கள். ஒரு வருடம் கழிந்து, அக்காவை நினைத்து நாம் மறுபடியும் கூடும் இந்த நாளில் அதற்குப் பதில் எழுதுகிறேன்.

இந்த நினைவு மலருக்கு எழுதும்படி என்னைக் கேட்டவள் அக்காவின் மகள். "சின்னம்மா, அம்மாவப் பத்தி நீங்கதான் எழுதணும். நல்லதா எழுதுங்க" என்றாள். "உள்ளத எழுதுவன். சரியெண்டா சொல்லு" என்றேன். "ஓம், எழுதுங்க" என்றாள். ஆகவே இதில் இருப்பதற்காக அவளிடம் யாரும் சண்டைக்குப் போக வேண்டாம்.

அக்கா பெரியகல்லாற்றில் பிறந்தார். அப்பா தச்சுவேலை செய்தார். அம்மா சீக்கிரமே கண்ணை மூடியதால் எனக்குத் தலை சீவி விட்டதும், பள்ளிக்கு அனுப்பியதும், அடித்ததும் அக்காதான். அடித்ததில் குறை வைக்கவில்லை. பிறகு புளியந்தீவில் ஒரு தையற்கடையில் வேலைக்குச் சேர்ந்து என்னையும் படிக்க வைத்தார். என் பள்ளிச் சீருடையிலிருந்து கலியாணச் சட்டை வரை எல்லாம் அவர் தைத்ததே. அந்தக் கடனை நான் மறக்கவில்லை. மறந்திருந்தால் இந்தக் கட்டுரையை எழுதுவது எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

தையற்கடைக்குப் பக்கத்தில் இருந்த ஐரோப்பிய வழிவந்த ஒரு பறங்கிக் குடும்பம் அவுஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டபோது வீட்டுச் சாமான்களை விற்றார்கள். எல்லோரும் கதிரை மேசை வாங்க அடிபட, அக்கா ஒரு பழைய கட்டில் விரிப்பை வாங்கிக்கொண்டு வந்தார். சின்னச் சின்னத் துணித் துண்டுகளைச் சேர்த்துக் கட்டம் கட்டமாகத் தைத்தது. வந்த அன்றே அதன் ஒரு மூலையைப் பிரித்துப் போட்டார். எப்படித் தைத்திருக்கிறார்கள் என்று பார்க்கத்தான். பிரித்த மூலையைக் கடைசிவரை அவர் திரும்பத் தைக்கவேயில்லை.

அந்த விரிப்பில் இருந்து அவர் இரண்டு கட்டங்களைப் பிடித்துக்கொண்டார். நாலு முக்கோணங்கள் ஒன்றையொன்று துரத்துவதுபோல் வருவதற்குக் காற்றாடி என்று பெயர் வைத்தார். நடுவில் ஒரு சதுரமும் அதைச் சுற்றி முக்கோண முனைகளும் வருவது நட்சத்திரம். கடையில் விழும் வெட்டுத்துண்டுகளைக் கொண்டுவந்து தரையில் பரப்பி, அந்த இரண்டையும் எத்தனை விதமாகத் திருப்பலாமோ அத்தனை விதமாகவும் திருப்பிப் பார்ப்பார். ஆண்கள் இடுப்பில் உடுக்கும் மருதமுனைச் சாரத்தின் கோடுகளைக் குறுக்காக வைத்துக் காற்றாடி செய்தால் அது சுற்றுவதுபோலவே தெரியும். பள்ளிச் சீருடையின் வெள்ளையைப் பக்கத்தில் வைத்தால் எந்த மங்கிய நிறமும் எழும்பி நிற்கும். இதெல்லாம் அவர் கெடுத்துக் கெடுத்துக் கண்டுபிடித்தவை. முதற்போர்வைக்குள் சாயம் போகும் சிவப்பு ஒன்றைச் சேர்த்துவிட்டார். கழுவி வெயிலில் போட்டதும் அத்தான் பார்த்துவிட்டு, "என்னகா, இதுக்குள்ள மாடு அறுத்தயா?" என்று கேட்டார். அக்கா அதை மடித்து உள்ளே கொண்டுபோனார். ஒரு வருடம் முழுக்க அதே போர்வையை அத்தானுக்குத்தான் போர்த்தக் கொடுத்தார்.

அதுதான் அக்கா. மனதில் இருப்பதை வாயால் சொல்ல மாட்டார். தன் மகள் வேறு சபையைச் சேர்ந்த பையனைக் கட்டப் போவதாகச் சொன்னபோது மாதக்கணக்கில் வாய் திறக்கவில்லை. அந்தப் பிள்ளை அழுது அழுது மெலிந்து போனாள். பிறகு ஒரு நாள் காற்றாடிப் போர்வை ஒன்றை மடித்து அவள் கட்டிலில் வைத்தார். அதற்குள் அந்தப் பையன் போட்டுக் கிழிந்த சேட்டுத் துண்டும் இருந்தது. எங்கே எடுத்தார் என்று இன்றுவரை அவனுக்கே தெரியாது. அதுதான் சம்மதம். எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் இந்தப் பாஷை விளங்கும்.

பிறகு கடல் ஊருக்குள் ஏறி வந்தது. கிறிஸ்து பிறந்த நத்தாருக்கு மறுநாள் காலை அத்தான் கடற்கரைப் பக்கம் போனவர். அக்காவும் இன்னும் கலியாணமாகாதிருந்த மகளும் கோயில் பக்கம் ஓடித் தப்பினார்கள். அத்தானின் உடல் இரண்டு நாட்களில் கிடைத்தது. கல்லாற்றில் அவர்கள் வீடு இருந்த இடத்தில் தையல் மெசினின் இரும்புக்கால் மட்டும் சேற்றுக்குள் நின்றது. அக்காவும் மகளும் புளியந்தீவில் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள்.

முப்பத்தோராம் நாள் முடிந்தால் இறந்தவரின் உடுப்பை இல்லாதவர்களுக்குக் கொடுப்பது எங்கள் வழக்கம். கொடுப்பதற்கு அத்தானின் ஒரேயொரு சாரம்தான் மிஞ்சியிருந்தது. அக்கா அதைக் கொடுக்கவில்லை. சேறு போகக் கழுவி, கஞ்சி போட்டு, ஒரு சதுரம் வெட்டி, நட்சத்திரத்தின் நடுவில் வைத்துத் தைத்தார். அதைக் கண்ட கல்லாற்றுச் சனங்கள் தங்கள் வீட்டில் போனவர்களின் துணிகளையும் கொண்டுவரத் தொடங்கினார்கள். ஏறாவூரிலிருந்து துணி விற்க வரும் முஸ்லிம் நானா சுற்றிவரத் தைக்கும் துண்டுகளைச் சும்மா கொடுத்தார். நட்சத்திரத்தின் நடுச்சதுரத்தில் இறந்தவரின் துணி வரும். இருக்கிறவர்களின் துணி காற்றாடிக்குள் மட்டுமே வரும். இந்த விதியை அக்கா ஒருபோதும் மீறவில்லை என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

ஒரு பெண் தன் மகளின் சட்டையோடு வந்தார். அந்தப் பிள்ளை கிடைக்கவில்லை. கூட வந்த மாமியார், "அது போயிற்றுது. நட்சத்திரத்திலேயே வைச்சுத் தைங்க" என்று அக்காவிடம் சட்டையை நீட்டினார். அந்தத் தாய் நிலத்தைப் பார்த்தபடி நின்றார். அக்கா சட்டையை வாங்கித் தாயின் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"தாய் தன்ர வாயால சொல்லட்டும். மறுகா வெட்டுறன்" என்றார்.

நான் பக்கத்தில் நின்று கேட்டேன். அன்று அக்காவை நினைத்து எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்று சொல்லி முடியாது. அந்தத் தாய் வெகுகாலத்துக்குப் பிறகு தானாகவே வந்து சொன்னார். அதற்குப் பிறகே அக்கா கத்தரிக்கோலை எடுத்தார்.

இனி என் மகன். எனக்கு அவன் ஒருவன்தான். கடல் கொண்டுபோன ஊர்களில் வீடு கட்டும் வேலை தாராளமாகக் கிடைத்த காலம் அது. மேசன் வேலை பழகியவன், கூட்டாளிகளோடு வடக்கே வன்னிப் பக்கம் போனான். கடைசி நத்தாருக்குக் கடையில் வாங்கிக் கொடுத்த நீலக் கட்டம் போட்ட சேட்டை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனான். "சீமெந்து குழைக்கிற இடத்துக்கு இது என்னத்துக்கம்மா? வந்து போடுறன்" என்றான். பிறகு வன்னிக்குப் போகும் பாதை பூட்டப்பட்டது. சண்டை தொடங்கியது. யாரோ ஒருவரின் தொலைபேசியில் ஒருமுறை, "சுகமா இருக்கன், பயப்படாதீங்க" என்றான். அதுதான் நான் கேட்ட கடைசிக் குரல்.

போர் முடிந்ததும் நான் தேடப் போனேன். முகாம் முகாமாக, அலுவலகம் அலுவலகமாகப் போனேன். ஒவ்வொரு முறையும் அக்கா என்னோடு வந்தார். பஸ்ஸில் எனக்கு யன்னல் பக்கத்தைத் தருவார். சோற்றுப் பார்சலைத் தன் மடியில் வைத்திருப்பார். வரிசையில் கால் வலித்தால் என் இடத்தில் தான் நிற்பார். அந்த நீலச் சேட்டை நான் எல்லா இடத்துக்கும் கொண்டுபோனேன். யாருக்காவது காட்டினால் ஞாபகம் வரும் என்ற ஒரு பைத்தியம். ஒருமுறை திரும்பி வந்தபோது அக்கா சேட்டைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"தோள் தையல் விடுபட்டுப் போச்சு தங்கச்சி. தா, தைச்சுத் தாறன்."

கொடுத்தேன். அக்காவிடம் கொடுக்காமல் வேறு யாரிடம் கொடுப்பேன்? சில நாட்களில் தைத்து, இஸ்திரிப் பெட்டியால் மினுக்கி, மடித்துத் தந்தார். அப்படியே வாங்கி அலுமாரிக்குள் வைத்தேன். அதற்குப் பிறகு அதை வெளியில் கொண்டுபோக மனம் வரவில்லை. அடுத்தமுறை நான் தேடப் புறப்பட்டபோதும் அக்கா வந்தார். வழக்கம்போல யன்னல் பக்கத்தையும் தந்தார்.

பிறகு அக்காவுக்கு நெஞ்சு வருத்தம் வந்தது. ஆறு மாதம் படுக்கையில் இருந்தார். நான் கழுவினேன், கஞ்சி பருக்கினேன். எத்தனையோ மத்தியானங்கள் நாங்கள் இருவரும் தனியே இருந்தோம். அவர் எதையும் சொல்லவில்லை. என் கையைப் பிடித்தபடியே போனார்.

அவரைப் பெட்டியில் வைத்து மூடிய பிறகு மகள் ஒரு போர்வையைக் கொண்டுவந்தாள். "பெட்டிக்கு இதத்தான் போர்த்தணும் எண்டு அம்மா சொன்னவ" என்றாள். நான் அதற்கு முன் அதைக் கண்டதில்லை. முழுதும் நட்சத்திரங்கள். அத்தானின் சாரம் நடுவில் இருந்தது. அதற்குப் பக்கத்து நட்சத்திரத்தின் சதுரம் நீலக் கட்டம்.

முதலில் நான் நம்பவில்லை. கடைகளில் எத்தனையோ நீலக் கட்டத் துணி இருக்கும்தானே. என் அறைக்குப் போய் அலுமாரியைத் திறந்து சேட்டை எடுத்தேன். வெளியே ஒரு குறையும் இல்லை. புரட்டிப் பார்த்தேன். சேட்டின் தோளில் துணி இரட்டையாக இருக்கும். உள்பக்கத் துணி நீலமாக இல்லை. வெள்ளை. பொடிப்பொடித் தையல். அது யாருடைய தையல் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வெயில் படாத உள்துணி, வாங்கிய நாளின் நிறம் மாறாமல் அந்த நட்சத்திரத்துக்குள் இருந்தது.

நான் தையல் பிரிக்கும் பிளேட்டு எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது போதகர் ஐயா ஜெபப் புத்தகத்தைத் திறந்து வைத்திருந்தார். எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நீங்கள் நினைத்தீர்கள். உறவில் மச்சாள் ஒருவர் வந்து என் கையைப் பிடித்து, "விடுகா, இப்ப வேணாம்" என்றார். நான் விடவில்லை. அந்தச் சதுரத்தை ஒவ்வொரு தையலாகப் பிரித்தேன். ஐயா காத்திருந்தார். எல்லோரும் காத்திருந்தீர்கள். ஓட்டையோடு அந்தப் போர்வை அக்காவுடன் மண்ணுக்குள் போனது.

இதில் என்ன இருக்கிறது, ஒரு துண்டுத் துணிதானே என்று சிலர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அவர்களுக்குச் சொல்கிறேன். யாரோ ஒரு தாய்க்காக அக்கா காத்திருந்தார். எனக்காகக் காத்திருக்கவில்லை. ஊருக்குத்தான் உபதேசம் போலும். என் மகன் இல்லை என்று நான் ஒருநாளும் சொல்லவில்லை. என்னைக் கேட்காமல், தைத்துத் தருகிறேன் என்று சொல்லி வாங்கி, உள்ளே அறுத்து வெளியே சரிபண்ணித் தந்தார். நம்பவைத்துக் கழுத்தறுப்பது என்று நம் ஆட்கள் சொல்வது இதைத்தான். அதையும் கேள்வி கேட்க முடியாத நாள் பார்த்து எனக்குக் காட்டினார்.

ஒரு வருடமாக நான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஒன்று, அக்காவுக்கு எதுவும் தெரியாது, களைத்துப்போய்த் தானே முடிவு செய்துவிட்டார். அப்படியென்றால் அவர் என் பிள்ளையைக் கைவிட்டுவிட்டார். ஆனால் என்னால் அதை நம்ப முடியவில்லை. அந்த மாமியார் சொல்லியும் வெட்டாத கை அது. நிச்சயம் தெரியாமல் வெட்டியிருக்காது. ஆகவே மற்றதுதான். யாரோ வந்து அக்காவிடம் சொல்லியிருக்கிறார்கள். கண்டவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அக்கா அதை வைத்துக்கொண்டு என்னோடு பஸ்ஸில் வந்தார், வரிசையில் நின்றார், என் கையால் கஞ்சி குடித்தார். எனக்கு நோகக் கூடாது என்று நினைத்திருப்பார். அந்த நினைப்பை நான் அவருக்கு மன்னிக்கவில்லை. போதகர் ஐயா கோபிக்கக் கூடாது, இன்னும் மன்னிக்கவில்லை.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். நான் பிளேட்டோடு நின்றபோது சுற்றிப் பார்த்தேன். நட்சத்திரத்தின் விதியும் என் மகனின் சேட்டும் தெரிந்தவர்கள் நீங்கள். அந்த நீலத்தைக் கண்டு ஒருவராவது திடுக்கிட்டிருக்க வேண்டும். சிலர் தலையைக் குனிந்தீர்கள். அவ்வளவுதான்.

அக்கா வருத்தமாகப் படுத்திருந்தபோது வந்து பார்த்தவர்களுக்கும், வைத்தியசாலையில் உதவிய தாதிப் பிள்ளைகளுக்கும், பாட்டுப் பாடிய சபையாருக்கும், காத்திருந்த போதகர் ஐயாவுக்கும், கல்லாற்றிலிருந்து வாகனம் பிடித்து வந்தவர்களுக்கும், அழைக்காமலே வந்து கடைசிவரை நின்ற ஏறாவூர் நானாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அக்கா என்னை வளர்த்தார். அதற்கு நன்றி சொல்ல எனக்குத் தெரிந்த பேச்சு போதாது.

அந்தச் சதுரம் என்னிடம் இருக்கிறது. காற்றாடிக்கு வேண்டுமென்றால் அதை முக்கோணமாக வெட்ட வேண்டும். நட்சத்திரத்துக்கு வேண்டுமென்றால் அப்படியே வைத்துத் தைக்கலாம். இரண்டும் செய்யாமல் வைத்திருக்கிறேன். அக்காவிடம் வந்து சொன்னவர் இந்த மலரை வாசிப்பார் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் இதை உறவுக்கும் நட்புக்கும் மட்டும்தான் கொடுக்கிறோம். நீங்கள் வீட்டுக்கு வாருங்கள். கோபிக்க மாட்டேன். தேத்தண்ணி ஊற்றித் தருவேன். இருந்து, நீங்கள் கண்டதை வாயால் என்னிடம் சொல்லுங்கள். நான்தான் தாய்.