ஏஞ்சலம்மாள் சொன்னால் ஸ்டெடி

தாராவியில் ஒரு பையனுக்குப் பெண் கொடுக்கும்முன் அவன் நல்லவனா என்று யாரும் கேட்பதில்லை. நல்லவர்களுக்கு என்ன, தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். "ஸ்டெடியா?" என்றுதான் கேட்பார்கள். அதைச் சொல்லவேண்டியவள் ஏஞ்சலம்மாள்.

சாத்தான்குளம் பக்கத்திலிருந்து பத்தொன்பது வயதில் ஏசுதாஸைக் கட்டிக்கொண்டு பம்பாய் வந்தவள். கோயில் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் உட்கார்ந்தபடியே இருபத்திரண்டு வருஷத்தில் நாற்பத்தொரு ஜோடிகளைச் சேர்த்து வைத்தவள். அந்த ஓர் இங்கிலீஷ் வார்த்தையால் அவள் உலகத்தையே அளந்தாள். தலைக்கு மேல் ஆடாமல் சுற்றினால் ஃபேன் ஸ்டெடி. ஏறாமல் இறங்காமல் நின்றால் பிரஷர் ஸ்டெடி. மாப்பிள்ளை மட்டும் ஐந்து வருஷமாவது ஒரே கம்பெனியில் இருக்கவேண்டும்.

"நாளைக்குக் காலம்பற அவன் எங்க நிப்பான்னு இன்னைக்கே எனக்குத் தெரியணும். அதாம்மா ஸ்டெடி" என்பாள். அவள் தலையாட்டிவிட்டால் பெண் வீட்டார் மறுநாளே சேலை எடுக்கப் போவார்கள்.

விசாரிப்பதிலும் அவளுக்கு ஒரு வழி உண்டு. வீட்டார் பொய் சொல்வார்கள், ஆபீஸில் வாயைத் திறக்கமாட்டார்கள். அதனால் பையனோடு தினமும் லோக்கல் ரயிலில் போகிற கோஷ்டியிடம் கேட்பாள். ஒரே வண்டியில் ஒரே பெட்டியில் வருஷக்கணக்காய் முழங்கால் இடித்துப் போகிறவர்களிடம் எவனால் வேஷம் போட முடியும்?

இப்படிப்பட்டவளின் தலையில்தான் அந்த இடி விழுந்தது. அவளுடைய ஒரே மகள், கிங்ஸ் சர்க்கிளில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் ரீனா, ஒரு சாயங்காலம் வெங்காயம் நறுக்கிக்கொண்டே, "அம்மா, எனக்கு ஆன்றோவைப் பிடிச்சிருக்கு" என்றாள்.

ஆன்றோ! ஆறு வருஷத்தில் ஐந்து கம்பெனி மாறிய ஆன்றோ!

"ஏட்டி, அவன் வண்டிச் சக்கரம்லா! அவனுக்கு நான் எந்த வாயால ஸ்டெடின்னு சொல்லுவேன்?"

"ஊருக்கெல்லாம் விசாரிச்சல்லா. எனக்கு மட்டும் விசாரிக்க மாட்டியா?"

ஏஞ்சலம்மாளின் கண்ணில் நீர் திரண்டது. வெங்காயம் பாதி, பெற்ற வயிறு பாதி. ஏசுதாஸோ, "உங்கம்மா ஸ்டெடின்னா கல்யாணம். இல்லன்னா பேச்சே கிடையாது" என்று தீர்ப்பை மனைவியின் மடியில் போட்டுவிட்டு டிவிக்குத் திரும்பினார்.

செவ்வாய்க்கிழமை காலை, முகத்தில் மாஸ்க், தலையைச் சுற்றித் துப்பட்டா, கண்ணில் மகளின் கறுப்புக் கண்ணாடி சகிதம் ஏஞ்சலம்மாள் சயானில், ஆன்றோ தினமும் வேலைக்குப் போகும் ஏழு பன்னிரண்டு அம்பர்நாத் வண்டியில் ஏறினாள். ஆன்றோ முன் கதவில் ஏறினான். அவள் பின் கதவில். அடையாளமே தெரியாது என்பது அவள் நம்பிக்கை. ஜன்னலோரம் ஓர் இடம் காலியாக இருந்தது. ஆன்றோ விறுவிறுவென்று வந்து அதில் ஒரு கைக்குட்டையை விரித்துவிட்டு, சினேகிதனிடம் பேசத் திரும்பினான். அவள் அதன் மேலேயே உட்கார்ந்தாள்.

எதிரில் இருந்த அந்தச் சினேகிதன் வாசிம், "மாஜி, யே சீட் ரக்கா ஹை" என்றான், இடம் பிடித்து வைத்திருப்பதைச் சுட்டிக்காட்டி.

"ரிசர்வேஷன் ஹை க்யா?" என்றாள் ஏஞ்சலம்மாள், சாத்தான்குளத்து இந்தியில்.

ஆன்றோ திரும்பிப் பார்த்தான். அந்தக் குரலைக் கேட்டதும் அவன் முகம் வெளுத்தது. குர்லா போயிற்று, வித்யாவிஹார் போயிற்று. அவன் அசையவில்லை.

காட்கோபரில் மன்சூர் அலி ஏறினார். அறுபது வயது, ஒரு கையில் ஊன்றுகோல், ஆபரேஷன் செய்த முழங்கால். ஜன்னலோரம் பார்த்தவர், ஆன்றோவிடம் பரவாயில்லை என்று கையசைத்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அப்போது ஆன்றோ வந்தான். கை நடுங்கியது, உதடு நடுங்கியது. என்றாலும் நேராக அவள் முன்னால் வந்து நின்றான்.

"ஆன்ட்டி... கொஞ்சம் எந்திரிங்க. இது பாயோட எடம்."

பெட்டியே அவளைத் திரும்பிப் பார்த்தது. கட்டிக்கப்போகிறவளின் தாயை, ஜாதகமே இல்லாத ஊரில் ஜாதகம் எழுதுகிறவளை, எழுந்திருக்கச் சொல்கிறான்! அவள் கண்ணாடியைக் கழற்றினாள். அவன் முகம் இன்னும் வெளுத்தது. ஆனாலும் கைக்குட்டைக்காக நீட்டிய கையை அவன் இழுத்துக்கொள்ளவில்லை.

ஏஞ்சலம்மாள் எழுந்தாள்.

உட்கார்ந்த மன்சூர் அலிக்கு ஒரே சங்கடம். "தப்பா நினைக்காதீங்கம்மா. நாலு வருஷமா எனக்கு எடம் பிடிக்கான்."

"இவனா? இவன் அஞ்சு கம்பெனி மாறினவன்லா!"

"கம்பெனிங்கதான் மாறிச்சு. ஒண்ணை மூடிட்டான், ஒண்ணு குஜராத்துக்குப் போயிட்டு. எல்லாமே அம்பர்நாத்துதானே, வண்டி மாறல. இடையில ரெண்டு மாசம் வேலையே இல்ல. அப்பவும் இதே ஏழு பன்னிரண்டுதான். எனக்கு எடத்தைப் பிடிச்சுக் கொடுத்துட்டு, அங்க கம்பெனி கம்பெனியா வேலை கேட்டு ஏறி எறங்குவான்."

"ஒருநாள் கூடத் தப்பல ஆன்ட்டி" என்றான் வாசிம், இப்போது நல்ல தமிழில். "இன்னைக்குத்தான் நீங்க அவனை ஆட்டிப் பார்த்துட்டீங்க."

அவள் முலுண்டில் இறங்கும்வரை நின்றுகொண்டே போனாள். யாரும் அவளுக்கு இடம் கொடுக்கத் துணியவில்லை.

அன்று சாயங்காலம் ஏசுதாஸ் டிவியை அணைத்தார். அதுவே பெரிய சங்கதி. "என்னளா? பையன் ஸ்டெடியா?"

"நடுங்குதான்" என்றாள் ஏஞ்சலம்மாள்.

ரீனாவின் முகம் விழுந்தது.

"நடுங்கிக்கிட்டே என்னைய எந்திரின்னு சொல்லிட்டான். அத்தனை பேருக்கு முன்னால! நொண்டி வந்த ஒரு மனுஷனுக்காக."

"அப்போ வேண்டாங்கியா?"

"வேண்டாம்னு யார் சொன்னா? முப்பது வருஷத்துல நீங்க ஒருநாளாவது என்னைய எந்திரின்னு சொல்லியிருக்கீங்களா? எங்க, இப்பச் சொல்லுங்க பார்ப்போம்!"

ஏசுதாஸ் கட்டிலின் ஓரத்துக்கு இன்னும் கொஞ்சம் நகர்ந்து மனைவிக்கு இடம் விட்டார்.

"ஸ்டெடிங்க" என்றாள் அவள். "நாற்பத்தொண்ணுலயும் இப்படி ஒருத்தனை நான் பார்க்கல."

ஏசுதாஸ் போனை எடுத்து, அவன் நம்பர் என்ன என்று மகளிடம் கேட்டார். ரீனா தன் போனைத் தொடாமலே பத்து எண்களையும் ஒரே மூச்சில் ஒப்பித்தாள்.

"ஏட்டி, மெதுவாச் சொல்லு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள் ஏஞ்சலம்மாள். "உங்கப்பா தப்பா அமுக்கி வேற எவனையாவது கூப்பிட்டுறப் போறாங்க!"