அக்கா ஏறிய ஜலகண்டாபுரம் பஸ்

அக்கா மறைந்த முதலாம் ஆண்டு நினைவு மலருக்கு எழுதச் சொன்ன மருமகன், அதாவது அக்காவின் மகன், கூடவே ஒரு வேண்டுகோளும் வைத்தான். “எல்லாம் எழுதுங்க மாமா. அந்த பஸ் சமாச்சாரம் மட்டும் வேண்டாமுங்க. நாலு பேர் படிக்கறது.”

நாலு பேர் படிப்பார்கள் என்பதால்தான் எழுதுகிறேன். ஓய்வு பெறும்வரை அரசு அலுவலகத்தில் விதிகளோடு குடித்தனம் நடத்தியவன் நான். வாரிசுச் சான்றிதழுக்கு யார் கையெழுத்து வேண்டும் என்பதுவரை உறவினர்கள் என்னைத்தான் கேட்பார்கள். நினைவு மலரில் பஸ்ஸைப் பற்றி எழுதக் கூடாது என்று எந்த விதியிலும் நான் படித்ததில்லை. அக்காவின் காரியத்தன்று, “பஸ்ல சுத்திச் சுத்தியே உடம்பக் கெடுத்துக்கிட்டா” என்று பந்தியில் பேசிக்கொண்டவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படிக்கவும்.

எருமப்பட்டியில் எங்கள் விவசாயக் குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தவர் அக்கா. பத்தாம் வகுப்பு முடித்ததும், ரயில்வேயில் வேலை பார்த்த மச்சானை மணந்து, சூரமங்கலம் ரயில்வே குடியிருப்புக்குப் போனார். சிறிய வீடு. மாமியார், படுத்த படுக்கையாக மாமனார், கல்யாணமாகாத கொழுந்தனார். மச்சானுக்கு இரவு ஷிப்ட். பகலில் அவர் தூங்கும்போது வீட்டில் பாத்திரச் சத்தம் கேட்கக் கூடாது.

கோபம் வந்தால் ஒரு சொம்பை ‘ணங்’கென்று வைப்பது நம் வீட்டுப் பெண்களுக்கு இருக்கும் குறைந்தபட்ச உரிமை. அக்காவுக்கு அதுவும் இல்லை. ஒரு மத்தியானம், குழம்பில் உப்பு கூடிவிட்டதாக மாமியார் ஆரம்பித்த பேச்சு எங்கள் அம்மாவின் வளர்ப்புவரை போனது. அக்கா செருப்பை மாட்டி, “வாரேனுங்கத்தே” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார். நிறுத்தத்தில் ஜலகண்டாபுரம் பஸ் நின்றது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, கடைசி ஸ்டாப்புக்கு டிக்கெட் கேட்டார்.

“அங்க யாருங்க இருக்காங்க?” என்றாராம் கண்டக்டர்.

“யாரும் இல்லீங்க. அதனாலதான் போறேன்.”

ஜலகண்டாபுரம் பஸ் நிலையத்தில் தறிச் சத்தத்தைக் கேட்டபடி ஒரு டீ. பிறகு அதே பஸ்ஸில் திரும்பிவிட்டார். அவ்வளவுதான் குற்றம்.

ஆனால் மருமகள் போகுமிடம் சொல்லாமல் கிளம்பினால் கோவித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குத்தான் போயிருப்பாள் என்பது நம் பக்கத்தில் முடிந்த முடிவு. மாப்பிள்ளை வீட்டார் பெரியவர்களோடு பழமும் பூவும் கொண்டுபோய், சமாதானம் பேசி அழைத்து வர வேண்டும். பொழுது சாய்ந்தால் சேதி பரவிவிடும் என்று மாமியார் அவசரமாகக் காரை வாடகைக்குப் பிடித்து, தட்டும் சனமுமாக எருமப்பட்டிக்கு வந்து இறங்கினார். விடுமுறைக்கு வந்திருந்த நான் வாசலில் நின்றிருந்தேன்.

“சம்பந்தி, பெரிய மனசு பண்ணுங்க. புள்ளைய அனுப்பி வெய்யுங்க.”

“எந்தப் புள்ளைய?” என்றார் அப்பா.

“ஊட்டுக்கு வந்திருக்கற புள்ளையத்தானுங்க.”

“இங்க எவ வந்தா?”

அம்மா அழ ஆரம்பித்தார். நான் கடைவீதிக்கு ஓடி, குடியிருப்பில் அக்காவின் அடுத்த வீட்டுக்கு போன் போட்டேன். “அவங்களா? ரசம் தாளிச்சுக்கிட்டு இருக்காங்க. கூப்புடட்டுங்களா?” என்றார் அந்த அம்மாள்.

அக்கா போனுக்கு வந்தார். “ஏஞ்சாமி, எல்லாரும் அங்கயா வந்திருக்காங்க? சாப்புட்டே வரச் சொல்லு. இங்க ரசம் பத்தாது.”

திரும்பி வந்த மாமியார், எதற்குப் போனாய் என்று கேட்டதற்கு அக்கா பொய் சொல்லவில்லை. “உங்க மேல கோவமுங்கத்தே. கொண்டுபோயி ஜலகண்டாபுரத்துல எறக்கி வெச்சுட்டு வந்துட்டேன்.” மாமியாருக்கு அதன்பின் குழம்பில் உப்பு சரியாகவே இருந்தது.

மச்சான் பணியில் இருக்கும்போதே காலமானார். கருணை அடிப்படையிலான வேலைக்கு விண்ணப்பங்களை நான் எழுதினேன். அவற்றின் பின்னால் நடையாய் நடந்தவர் அக்கா. வேலை கிடைத்தது, மாமனார் மாமியாரைக் கடைசிவரை பார்த்தார், மகனைப் படிக்க வைத்தார். மனசு கனத்தால் பஸ் ஏறினார். “புருசன் போயும் ஊர் சுத்தறது நிக்கல” என்றார்கள். அப்படிச் சொன்னவர்கள் வீட்டில் பிள்ளைகள் வாங்கிய அடி எனக்குத் தெரியும். அக்கா மகன் முதுகில் ஒரு கைத்தடம் விழுந்ததில்லை.

போன வருடம் அக்காவின் இதயம் தளர்ந்தது. டென்ஷன் கூடாது என்றார் டாக்டர். மருமகன் உடனே செல்போனில் மன அமைதிப் பயிற்சி ஏற்பாடு செய்தான். பாதுகாப்புக்காக கேட்டையும் பூட்டினான். “போனுல ஒருத்தி கண்ண மூடி அருவிய நெனச்சுக்கச் சொல்றா சாமி. எனக்கு மாடி டேங்கு நெறஞ்சு வழியறதுதான் ஞாபகம் வருது” என்றார் அக்கா. ரத்த அழுத்தம் ஏறியது.

நானே டாக்டரிடம் போய் பஸ் பயணத்தைப் பற்றிக் கேட்டேன். துணைக்கு ஆள் இருந்தால் போகலாம் என்றார். மருமகன் அப்போதும் தயங்கினான். “வழியில ஏதாச்சும் ஆனா ஊரு என்னையத்தான் மாமா கேக்கும்.”

“கேட்டா என்னையக் கை காட்டு.”

சாவியைக் கொடுத்தான். நானும் அக்காவும் போனோம். ஜலகண்டாபுரத்தில் தறிச் சத்தம் அப்படியே இருந்தது. “இன்னிக்கு எதக்கா எறக்கி வெக்கற?” என்று கேட்டேன்.

“சாவுப் பயம் கொஞ்சம் இருந்துச்சு. இங்கயே கெடக்கட்டும். டீயக் குடி, ஆறுது.”

அந்த வாரமே தூக்கத்தில் போய்ச் சேர்ந்தார். பஸ்ஸுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்று டாக்டரே சொன்னார். அழைத்துப் போனவன் நான். இன்னொரு முறை கேட்டிருந்தாலும் அழைத்துப் போயிருப்பேன். ஆட்சேபணை உள்ளவர்கள் என்னிடமே தெரிவிக்கலாம். என் வீடு எல்லோருக்கும் தெரியும்.

வைத்தியம் பார்த்த டாக்டருக்கும் நர்சுகளுக்கும், காரியத்துக்கு வந்து தோள் கொடுத்த பங்காளிகளுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும், கடைசியாக அக்கா ஏறும்வரை விசில் கொடுக்காமல் காத்திருந்த கண்டக்டருக்கும் எங்கள் நன்றி. பயந்துகொண்டே சாவியை நீட்டிய மருமகனுக்கு என் தனி நன்றி. நீங்கள் இதைப் படிக்கிறீர்கள் என்றால், இந்தப் பக்கங்களையும் அவன் நீக்காமல் அச்சுக்குக் கொடுத்திருக்கிறான்.

உங்கள் வீட்டுப் பெண் ஒருநாள் செருப்பை மாட்டி, “வாரேனுங்க” என்று கிளம்பினால், தயவுசெய்து காரை எடுக்காதீர்கள். அவர் திரும்பி வருவதற்குள் ரசத்துக்குப் புளியை ஊற வையுங்கள்.