ஜோடி மாறிய எண்கள்

பக்கவாதத்தில் பேச்சிழந்தவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் அந்த ஆஸ்பத்திரியில் அவளைப் 'பி-வேல்யூ அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். பயிற்சி பலித்ததா இல்லையா என்று கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்துச் சொல்கிற வேலை. டாக்டர்கள் ஆசை ஆசையாக வருவார்கள். பயிற்சி பலிக்காவிட்டாலும் இப்படித் தற்செயலாக வர எவ்வளவு வாய்ப்பு என்று காட்டும் 'பி-வேல்யூ' என்கிற ஒரு தசம எண்ணை அவள் சொல்லி முகத்தைத் தொங்கப்போட வைத்து அனுப்புவாள். சொந்தக்காரர் யாராவது இந்த எண்ணெய் தேய்த்தால் முடி வளருகிறது என்றால், தேய்ப்பதற்கு முன்னால் எண்ணினீர்களா என்று கேட்கிற ரகம்.

நோயாளிகளிடம் இருபது படங்களைக் காட்டி, எத்தனைக்குப் பெயர் சொல்கிறார்கள் என்று எண்ணுவார்கள். பயிற்சிக்கு முன் ஒரு எண், பின் ஒரு எண். ஒரே ஆளின் இரண்டு எண்களும் ஒரே வரியில் ஜோடியாக நிற்க வேண்டும். வில்காக்சன் சோதனை என்கிற கணக்கு ஒவ்வொருவரின் வித்தியாசத்தையும் எடுத்து, பெரிசு சிறிசு பார்த்து வரிசை கொடுத்து, ஏறியவர் பக்கம் எவ்வளவு, இறங்கியவர் பக்கம் எவ்வளவு என்று எடை போடும். ஜோடி கலைந்தால் போச்சு, எல்லாம் குப்பை.

அந்தப் பட்டியலில் ஒரு வரி அவள் புருஷனுடையது. கம்பம் ஏறி மின்கம்பி கட்டிய மனுஷன். பயிற்சிக்கு முன் ஒன்பது படம் சொன்னார். நடுவில் இன்னொரு தாக்குதல் வந்து, பின்னால் நாலோடு நின்றுவிட்டது. அந்த வரியை மட்டும் அவள் உற்றுப் பார்க்க மாட்டாள். மனசு தாங்காது.

அன்று மத்தியானம் மூலக் கோப்பிலிருந்து நகலெடுத்து, முழுப் பட்டியலையும் முதல் எண்ணின்படி ஏறுவரிசையில் அடுக்கினாள். பிறகு, இரண்டாவது எண்களில் நடுவில் நிற்பது எது என்று பார்க்க, அந்தப் பத்தியை மட்டும் அடுக்கினாள். பக்கத்துப் பத்தியையும் சேர்த்துக்கொள்ளவா என்று கம்ப்யூட்டர் கேட்டது. யோசனை எங்கேயோ இருக்க, வேண்டாம் என்று அழுத்தினாள்; இரண்டாவது எண்கள் மட்டும் இடம் மாறி, ஜோடிகள் கலைந்தன. ஆனைக்கும் அடி சறுக்கும். சோதனையை ஓட்டியதும் முடிவு வந்தது: எல்லாரும் ஏறியிருக்கிறார்கள், இறங்கியவர் ஒருவர்கூட இல்லை. வேறு யாராவது இப்படிக் கொண்டுவந்திருந்தால் சிரித்திருப்பாள். அவளுக்கு அன்று நல்லது ஏதாவது வேண்டியிருந்தது. கோப்பைச் சேமித்துவிட்டுக் கிளம்பினாள்.

வீட்டுக் கதவைத் திறந்ததும் புருஷன் சொன்னார்: "வாங்க."

பகலில் அவரைப் பார்த்துக்கொள்ளும் நாத்தனாருக்குத் தலைகால் புரியவில்லை. மத்தியானத்திலிருந்து அண்ணன் பேசிக்கொண்டே இருக்கிறாராம். அவளும் நாத்தனாரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். கட்டின நாளிலிருந்து 'வா, போ' என்றவர் மரியாதை போடுவதை, நோய் செய்கிற குழப்பம் என்று அவள் தள்ளிவிட்டாள். சாப்பிடும்போது அவர் தையல் மெஷினில் பாபின் மாற்ற வேண்டும் என்றார். காலர் விறைப்பாக நிற்கவில்லை என்று வருத்தப்பட்டார். ஊசியில் நூல் கோர்க்கக்கூடத் தெரியாத மனுஷன்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரி வராந்தாவில் தையல்காரரின் மனைவி உட்கார்ந்திருந்தாள். அவள் புருஷனும் அதே பட்டியலில் இருப்பவர்தான்; மூன்று படத்தில் ஆரம்பித்துப் பதினாலுக்கு வந்து, பயிற்சிக்கே பெருமை சேர்த்தவர். நேற்று மத்தியானத்திலிருந்து பேச்சு நின்றுவிட்டது என்றாள். "மீட்டர் பெட்டியவே தடவிப் பாத்துட்டு நிக்கிறாருங்க. சாயங்காலமானா வாசல்ல போய் யாருக்கோ காத்திருக்கார். நான் போய் நின்னா மூஞ்சியத் திருப்பிக்கிறார்."

பக்கத்தில் இருந்த தையல்காரர் பி-வேல்யூ அக்காவைப் பார்த்ததும் எழுந்தார். சிரித்தார். கையை நீட்டி, அவள் தோளிலிருந்த பையைப் பழகிய மாதிரி வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். தினமும் சாயங்காலம் அவள் புருஷன் செய்கிற வேலை அது.

பையைப் பிடுங்கிக்கொண்டு அறைக்குள் ஓடிக் கோப்பைத் திறந்தாள். புருஷன் வரியில் ஒன்பதுக்குப் பக்கத்தில் பதினாலு. தையல்காரர் வரியில் மூன்றுக்குப் பக்கத்தில் நாலு. மூலக் கோப்பும் அங்கேயேதான் இருந்தது. திறந்து சரிபண்ண ஒரு நிமிஷம் போதும். அவள் செய்யவில்லை. குற்றம் சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. செத்த வீடு மாதிரி கிடந்த வீட்டில் ஒரு குரல் கேட்கிறது, அதைத் தன் கையாலேயே அணைப்பாளா?

சாயங்காலம் வீட்டில் புருஷன் எதிரே உட்கார்ந்தாள். அவர் யாரோ ஒரு பையனின் பள்ளிச் சீருடையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர்களுக்குப் பிள்ளையே கிடையாது.

"நான் யாரு?" என்று கேட்டாள்.

அவர் கொஞ்சம் கூச்சத்தோடு பார்த்தார். "ஆஸ்பத்திரில கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்திருப்பீங்களே, அந்த மேடம்தானே? என்னை எப்ப என் வீட்டுக்கு அனுப்புவீங்க?"

அவள் அன்று தூங்கவில்லை. பக்கத்தில் அவர் குறட்டை மட்டும் பழைய குறட்டையாக இருந்தது.

காலையில் மூலக் கோப்பைத் திறந்து, அவரவர் எண்ணை அவரவர் வரியில் சேர்த்தாள். புருஷனுக்கு எதிரே நாலு வந்து நின்றது. சோதனையை மறுபடி ஓட்டினாள். ஏறியவர்களும் இருந்தார்கள், இறங்கியவர்களும் இருந்தார்கள். பயிற்சி பலித்தது என்று சொல்ல முடியாத முடிவு. டாக்டர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு போனார். சற்று நேரத்தில் வராந்தாவில் தையல்காரர் தன் மனைவியிடம் காபியில் சர்க்கரை போதவில்லை என்று சண்டை பிடிப்பது கேட்டது. அந்த அம்மாள் சத்தம் போட்டு அழுதாள்.

பி-வேல்யூ அக்கா அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனாள். நாத்தனார் அடுப்படியில் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். அவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்.

"நான் யாரு?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். வாய் திறந்தது. தொண்டை ஏறி இறங்கியது; நெற்றி வேர்த்தது; ஒன்றும் வரவில்லை. வரவில்லையே என்று அவர் கண் கலங்கியது. அவள் அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "சொல்ல வேண்டாம், விடு" என்றாள்.